படத்தில் எரிந்த விளக்கு

கிழமை நாட்களில் மீனலோசனி சுருவில் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமைகளில் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்த பெரிய மனிதர்களின் வாயை அடைத்தாள். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. அப்படியொரு வேலை இருப்பதே ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், நாற்பது வயதில் இவளுக்கு எதற்கு இந்தக் கொம்பியூட்டர் பைத்தியம் என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அவள் சிரித்துவிட்டு அடுத்த ஆளின் பையை வாங்கினாள்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, யாழ்ப்பாணப் பட்டணத்தில் சந்திக்குச் சந்தி நெற்கபே என்ற இணையக் கடை முளைத்த 2002ஆம் ஆண்டில் தொடங்கியது அது. அவளோடு படித்த தயாபரனுக்கு ரொறன்ரோவில் ஒரு பாண் பேக்கரியில் வேலை. ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து ‘சுருவில் சனம்’ என்றொரு இணையத்தளத்தைக் கட்டியெழுப்பினான். ஊரார் வந்து எழுதலாம், பதில் சொல்லலாம், படம் போடலாம். ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குப் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. பாரிஸில் இருந்த கம்சிகா என்ற பெண் ஒவ்வொன்றையும் எடுத்து எல்லோரும் வாசிக்கக்கூடிய எழுத்துக்கு மாற்றிப் போட்டாள். மீனலோசனிக்குக் கிடைத்தது காவல் வேலை. வசவுகளை நீக்க வேண்டும். ஊரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நேரில் போய்ப் பார்த்துப் பதில் எழுத வேண்டும்.

காவல் வேலை லேசானதல்ல. வேலியே இல்லாத நாடுகளில் குடியிருந்துகொண்டு, முப்பது வருடத்துக்கு முந்திய வேலிச் சண்டைகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள் நம்மவர்கள். கோயிலில் ஆறாம் திருவிழா யாருடைய உபயம் என்பதில் ஸ்காபரோவும் சூரிச்சும் மூன்று மாதம் மல்லுக்கட்டின. மீனலோசனி சனிக்கிழமை காலை பஸ் ஏறி, சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து மறுபடி ஏறி, பண்ணைப் பாலம் கடந்து போய், நெற்கபேயில் ஒரு மணித்தியாலக் காசுக்கு உட்கார்ந்து, அந்த வசவுகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு வந்தாள்.

பிறகு தயாபரன் ஒரு சிறிய கமெராவை ஆள் மூலம் அனுப்பிவைத்தான். தளத்தில் ‘எங்கட வீடு’ என்று புதிய பகுதி வந்தது. கேட்பவர்களின் வீட்டை அவள் படம் எடுத்துப் போட வேண்டும். கூரை போனது, கதவு நிலை பிடுங்கப்பட்டது, சுவருக்குள் ஆலங்கன்று முளைத்தது என்று ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு கோலம். அந்தப் படங்களின் கீழே எவரும் சண்டை பிடிக்கவில்லை. அழுதார்கள்.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. பூட்டிவிட்டுப் போன வீடுகளில் சிலவற்றில் ஆட்கள் இருந்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்ப முடியாமல், கதவில்லாத வீட்டுக்கு ஓலையால் படல் கட்டிக் குடியேறிய சனம். ஆள் இருப்பது தெரிந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கவும் அவள் விரும்பவில்லை. அதனால் அப்படியான வீடுகளில் உடுப்புக்கொடியும் சைக்கிளும் படத்துக்குள் வராத பக்கமாக நின்று எடுத்தாள். பொய் எழுதவில்லை. ஆனால் மெய்யையும் எழுதவில்லை.

லண்டனில் பெற்றோல் நிலையம் வைத்திருந்த குலசிங்கம் தன் வீட்டைக் கேட்டார். அந்த வீட்டில் றஞ்சனி இருந்தாள். மண்டைதீவுப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம். அவர்களுடைய காணி படை முகாம் வேலிக்குள் அகப்பட்டுவிட்டது. புருஷன் பிறத்தியாருடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போனான். இரண்டு பிள்ளைகள். கிறிஸ்தவ வேதக்காரர்களாக இருந்தாலும் அந்த வீட்டுச் சாமியறையில் அவர்கள் ஒரு பாயைக்கூடப் போட்டதில்லை. கூட்டித் துடைத்துச் சாத்தியே வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் படம் எடுக்க வருவேன், வலையையும் உடுப்பையும் எடுத்துவிடு என்று மீனலோசனி முதல்நாளே சொல்லியிருந்தாள். போனபோது வலை இல்லை, உடுப்பு இல்லை, சைக்கிளும் இல்லை. முற்றம் கூட்டிச் சாணித் தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தது. வாசலில் ஒரு குத்துவிளக்கு புளி போட்டு மினுக்கப்பட்டு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வீடு என்றால் அப்படித்தானே இருக்கும். பிறந்த நாள் முதல் பார்த்த காட்சி என்பதால், அது பூட்டிய வீட்டில் இருக்கக் கூடாத காட்சி என்பது அவள் மண்டைக்கு எட்டவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு போய் மறுநாள் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தளத்தைத் திறந்தால் அங்கே தீப்பற்றி எரிந்தது. குலசிங்கம் எழுதியிருந்தார்: தொண்ணூறாம் ஆண்டு ஊரை விட்டு ஓடும்போது வீட்டுப் பித்தளையெல்லாம் கிணற்றுக்குள் போட்டுவிட்டுத்தான் ஓடினோம். வாசலில் எரிவது என் தாயின் விளக்கு. என் கிணற்றுக்குள் இறங்கியது யார்? வீட்டுக்குள் இருப்பது யார்? காவலுக்கு நிற்கிறவர் பதில் சொல்ல வேண்டும்.

கீழே பக்கம் பக்கமாகப் பதில்கள். கள்ளர் கூட்டம் என்று ஒரு கட்சி, பாவங்கள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னொரு கட்சி. ‘நீக்கு’ என்ற பொத்தான் அவள் கைக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது. ஒருமுறை அழுத்தினால் எல்லாம் போய்விடும். அவள் அழுத்தவில்லை. அழுத்தினால் ஆள் இருப்பதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற பயம் ஒன்று. இத்தனை நாளும் மற்றவர்களின் வாயை அடைத்த கை, தன்னைக் கேள்வி கேட்ட வாயை அடைக்கக் கூசியது மற்றொன்று.

திங்கட்கிழமை சங்கக்கடைத் தொலைபேசிக்குத் தயாபரன் அழைப்பெடுத்தான்.

“மீனா, அந்தாள் கேக்கிறது நியாயம்தான். ஓம் எண்டோ இல்லை எண்டோ எழுதும். நாங்களே ஒளிச்சம் எண்டால் பிறகு ஆர் எங்களை நம்புவினம்?”

“எழுதினா அதுகளை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவார், தயா.”

அதுதான் நடக்கும் என்று அவனுக்கும் தெரியும்.

அன்று பின்னேரமே அவள் றஞ்சனியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு இறைத்தபோது சேற்றுக்குள்ளிருந்து வந்த விளக்காம். வீட்டுக்காரர் ஒருநாள் வந்தால் கையில் கொடுக்கலாம் என்று சாமியறையில் வைத்திருந்தாளாம். உங்கள் பொருள் பத்திரமாக இருக்கிறது என்று காட்டத்தான் ஏற்றி வைத்தாளாம். சொல்லிவிட்டு றஞ்சனி சாமியறைக் கதவைத் திறந்து விளக்கைக் காட்டினாள்.

“களவெடுத்த ஆக்கள் கொழுத்தி வைச்சுப் படம் எடுக்க விடுவினமே, அக்கா? இருக்கிறம் எண்டே எழுதுங்கோ. விளக்கு வந்த விதத்தையும் எழுதுங்கோ. எழுதினா அவருக்கு விளங்கும்.”

மீனலோசனி எழுதினாள். இருக்கிறவர்களின் பெயர், அவர்கள் வந்த காரணம், சாத்தி வைத்த சாமியறை, கிணறு, விளக்கு, தான் சொல்லாமல் மறைத்தது, எல்லாவற்றையும். பல பேர் உருகிப்போய்ப் பதில் போட்டார்கள். குலசிங்கம் ஒரே வரி எழுதினார்: உண்மை சொன்னதற்கு நன்றி, மைத்துனர் வருவார்.

மைத்துனர் தில்லைநாதன் கொக்குவிலிலிருந்து தச்சனோடும் கதவோடும் பூட்டோடும் வந்தார். பொல்லாத மனிதரல்ல. மாத முடிவுவரை தவணை கொடுத்தார், பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கி வந்தார். போகிற அன்றும் றஞ்சனி முற்றத்தைக் கூட்டினாள். விளக்கை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டி, பூட்டுத் திறப்பை லண்டனுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். றஞ்சனி குடும்பம் வேலணையில் அவளுடைய தங்கச்சி வீட்டுத் தாழ்வாரப் பத்திக்குள் போய் ஒடுங்கியது.

மீனலோசனிக்கு ஆத்திரமாக வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இனி நான் வரமாட்டேன் என்று தயாபரனுக்கு எழுதிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை நோர்வேயிலிருந்து ஒரு கிழவர் தன் வேப்பமரம் நிற்கிறதா என்று கேட்டிருந்ததால் மறுபடி பஸ் ஏறினாள். பொது வேலை அப்படித்தான் ஆளைப் பிடித்துக்கொள்கிறது.

2005இல் குலசிங்கம் மறுபடியும் படம் கேட்டார். அவள் அதே இடத்தில் நின்று எடுத்தாள். உடுப்புக்கொடி இல்லை, வலை இல்லை, சைக்கிள் இல்லை. இம்முறை எதையும் மறைக்கத் தேவை இருக்கவில்லை. முற்றத்தில் நாயுருவி இடுப்பளவு வளர்ந்திருந்தது. வாசல் பக்கத்துக் கூரை உள்ளே இறங்கியிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுதினார்:

“முற்றத்தைக் கூட்டக்கூட ஊரிலை ஒருத்தருமில்லையோ?”

அவள் பதில் எழுதவில்லை, நீக்கவும் இல்லை. விளக்கு எரிந்த பழைய படத்தைத் தேடி எடுத்துப் புதிய படத்துக்குப் பக்கத்தில் போட்டாள். யார் தளத்தைத் திறந்தாலும் முதலில் அதுவே தெரியும்படி உச்சியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

2006இல் மறுபடி சண்டை மூண்டது. தீவுகளிலிருந்து சனம் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனது. பாதை மூடியது, நெற்கபேக்கள் சாத்திக் கிடந்தன. அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை அவள் பட்டணம் போய்த் தளத்தைத் திறந்தபோது, உச்சியில் அந்த இரண்டு படங்களும் அப்படியே இருந்தன. கீழே குலசிங்கத்தின் பெயரில், பல மாதங்களுக்கு முன் வந்து காத்துக் கிடந்த ஒரு பதில்.

“றஞ்சனி எண்ட பிள்ளை இப்ப எங்கை? வந்து இருக்கச் சொல்லும்.”

மீனலோசனி வழக்கம்போல, தெரிந்ததை மட்டும் எழுதினாள்.

“இந்தியாவிலை, மண்டபம் அகதி முகாமிலை எண்டு கேள்வி. வீடு பூட்டினபடிதான் கிடக்கு. விளக்கு உள்ளுக்கை இருக்கு. திறப்பு உங்களிட்டை.”