ஒட்டிக்கொண்ட மணல்

செனைதாவின் பெயர் பத்திரிகையில் வந்தால் மெக்சிகோவின் ஒஹாக்காவில் அவள் ஊர்க்காரர்கள் அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டுவார்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதித் தொடங்கியவள்; பிறகு புகைப்படம், பிறகு வீடியோ. கடைசியில் வண்ண மணலால் தரையில் படம் தீட்டி, அதன்மேல் ஒளியும் ஒலியும் ஓடவிட்டாள். தலைநகரம் திரும்பிப் பார்த்தது. சாவு வீட்டில் ஊரே செய்கிற வேலைதான் அது என்பதைப் பேட்டிகளில் மட்டும் அடக்கி வாசிப்பாள்.

சித்தப்பா பிலெமோன் இறந்தபோது சித்தி எர்மீனியா கூப்பிட்டாள்.

"ஊரு ஊரா போயி போடுறவ, உன் சித்தப்பனுக்கு ஒரு மாதா போட மாட்டியாடி?"

சவம் கிடந்த இடத்தில் செனைதா மாதாவைத் தீட்டினாள். அப்படியொரு முகம் அவள் கையிலிருந்து அதுவரை வந்ததில்லை. ஒன்பதாம் நாள், சடங்குக்கென்று வீட்டார் வரித்த ஞானத்தந்தை வந்து அந்த மணலை அள்ளிக் கல்லறையில் சேர்ப்பார். அப்போதுதான் சித்தப்பா வீட்டைவிட்டுக் கிளம்புவார் என்பது ஊர் நம்பிக்கை. அதற்குள் கோழி கிளறிவிட்டால்? கண்காட்சிகளில் செய்வதுபோல, ஆளில்லாத நேரம் பார்த்துப் பசையைத் தெளித்தாள். லேசாகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. ஞானத்தந்தை கௌதென்சியோ மண்டியிட்டுப் பூங்கொத்தால் மாதாவின் நெற்றியைத் தள்ளினார். அசையவில்லை.

"மெஸ்கால் சாராயக் கடையிலயும் இவன் இப்படித்தான். லேசுல கிளம்ப மாட்டான்!"

அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். துடைப்பம் வந்தது. சமையல் கத்தி வந்தது. சிரிப்பு நின்றது.

சித்தி விரலால் தொட்டு முகர்ந்தாள். "என்னடி போட்ட?"

"பசை சித்தி. கைப்பழக்கம்..." அந்த முகத்தை அழியவிட மனமில்லாமல் தெளித்தவள்; பொய் சொன்ன வாய் கூசியது.

"ஒம்பது நாளா வாசலைப் பாத்துட்டு நிக்கிறாருடி. காலைப் பிடிச்சு ஒட்டி வச்சிருக்கியே! அண்ணே, கடப்பாரைய எடுங்க."

சிமெண்டுத் தரை உடைந்தது. மாதாவின் முகம் பிளந்தபோது பெண்கள் ஓவென்று அழுதார்கள். செனைதாவும் அழுதபடியே துண்டுகளைக் கூடையில் பொறுக்கினாள். அழுகையின் நடுவிலும் கடப்பாரைச் சத்தம் கேமராவில் நன்றாகப் பதியும் என்று நினைத்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சித்தி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே செனைதா வைத்திருந்த கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ளயும் அவரு ஒட்டியிருப்பாரு. அதையும் அவரோட அனுப்பிடு தாயி."

செனைதா முதுகைக் காட்டி நின்று கேமராவைத் திறந்தாள். ஒரு மெமரி கார்டைக் கொண்டுவந்து கூடையில் போட்டாள். சித்தி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

கூடையில் விழுந்தது புதுக் கார்டு. அதில் ஒன்றுமே பதியவில்லை.

மற்றதை அவள் இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை, அழிக்கவும் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தி சாக்லேட் கலக்கிக் கொடுத்து, "உன் புண்ணியத்துல அவரு நிம்மதியா போயிட்டாருடி" என்கிறாள். அந்தக் குவளையைச் செனைதா ஒருநாளும் தலைநிமிர்ந்து வாங்கியதில்லை.