கேட்டில் மக்காக நின்ற அம்மா

எனக்கு எண்பத்தொரு வயது முடிந்துவிட்டது. வளர்த்தது ஒன்பது பேரை. நான் பெற்றது ஏழு, தங்கை விட்டுப் போனது இரண்டு. ஒன்பதும் படித்து ஆளாகி, இன்றைக்கு யார் முன்னாலும் கை கட்டி நிற்காமல் இருக்கின்றன. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவள். என் பெயரை எழுதுவேன், பஸ் பலகையைப் படிப்பேன். அதற்கு மேல் எழுத்து வராது. கணக்கு மட்டும் வரும். மனக்கணக்கில் இன்றைக்கும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அந்தக் கணக்குப் புத்தியால்தான் ஒரு நாள் என் அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலாயாவில் பகா ஊருக்குப் போகும் சாலையிலிருந்து நாலு மைல் உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். விடிந்து, பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் கேட் திறக்கும். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் வரிசையாக நின்று, வாளியையும் சாக்கையும் காட்டிவிட்டு வெளியே போக வேண்டும். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பது சட்டம். ஒரு பிடி அரிசி, ஒரு கருவாட்டுத் துண்டு கூட வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஜெயில். ஜெயிலுக்குப் பிறகு கப்பல். அம்மா இந்த மண்ணில் பிறந்தவள். அவள் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்கு அவளை ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

காட்டில் இருந்தவர்களிடமும் பயம்தான். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியை அவர்கள் சுட்டுப் போட்டிருந்தார்கள். பிணத்தை எடுத்துப் போன பிறகும் அவருடைய சைக்கிள் இரண்டு நாள் பாதையோரம் கிடந்தது. நல்ல சைக்கிள். ஒருவரும் தொடவில்லை.

இத்தனை பயத்துக்கு நடுவில் அம்மாவுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கேட்டில் வந்து நிற்கும் வெள்ளைக்கார ஆபீசர்களுக்கு, பால் வெட்டும் தமிழ்ப் பொம்பளை என்றால் ஒன்றும் தெரியாத ஜென்மம் என்ற எண்ணம். நாற்றம் பிடித்தவள், மறதிக்காரி, ஒன்று கேட்டால் ஒன்று சொல்கிறவள் என்று அவர்கள் எங்கள் எதிரிலேயே பேசிச் சிரிப்பார்கள். மற்ற பெண்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். அம்மாவுக்கு அது கரும்பாக இனித்தது. வயது என்ன என்று கேட்டால் என் வயதைச் சொல்வாள். வீடு எது என்றால் மரத்தைக் காட்டுவாள். புருஷன் பெயரைக் கேட்டால் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு பத்து நிமிஷம் வெட்கப்படுவாள். ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டு, போய்த் தொலை என்று கையைக் காட்டுவான்.

சாயங்காலம் குழாயடியில் அத்தனையையும் நடித்துக் காட்டுவாள். பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

"ஏன்க்கா, உண்மையிலேயே மக்குன்னு எழுதி வச்சுரப் போறான்," என்பாள் பக்கத்து வீட்டு அக்கா.

"எழுதட்டும்லா. மக்குன்னு பேரு இருந்தா ஒருத்தன் ஒன்னு கேக்க மாட்டான். எவ்வளவு நிம்மதி தெரியுமா," என்பாள் அம்மா.

எனக்குப் பெருமை தாங்காது. தோட்டத்திலேயே கெட்டிக்காரி என் அம்மா என்பது எனக்குத் தெரியும். அது துரைக்குத் தெரியாது என்பதில் இன்னும் சந்தோஷம்.

நாங்கள் சிரிப்பதற்குக் கேட்டில் இன்னொரு ஆளும் இருந்தான். மலாய்க்கார மாத்தா. போலீஸ்காரனை அப்போது நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முப்பது வயது இருக்கும். பக்கத்துக் கம்பத்து ஆள், கம்பம் என்றால் மலாய்க் கிராமம். கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். துப்பாக்கியைக் கேட்டில் சாத்தி வைத்துவிட்டு, சாக்குக்குள் எட்டிப் பார்த்தும் பார்க்காமலும் "ஜாலான், ஜாலான்" என்று கையை வீசுவான், போ போ என்று. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி மாத்தா. அந்த ஆட்களே அப்படித்தான், நின்றுகொண்டே தூங்குவார்கள் என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் மத்தியானம். காலையில் அம்மாவோடு நிரைக்குப் போவேன். எங்களுக்குக் கொடுத்த மரங்களின் வரிசைதான் நிரை. அது காட்டை ஒட்டிய கடைசி நிரை. முந்தின நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துச் சாக்கில் போடுவது என் வேலை. அதை ஒட்டுப்பால் என்போம். ஒரு நாள் இருந்தாலே அழுகின நாற்றம் அடிக்கும்.

ஒரு காலையில் நான் உரித்துக்கொண்டிருந்தபோது மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சீனன், துப்பாக்கி வைத்திருந்தான். மற்றவன் தமிழன், ஒல்லி. அவன்தான் பேசினான்.

"பயப்படாதீங்கக்கா. வாரத்துக்கு ஒரு பால்டின் அளவு அரிசி. எங்களுக்கும் பசிக்கும்லா."

"கேட்டுல சாக்கக் கொட்டிப் பாக்குறாங்க தம்பி. எப்படிக் கொண்டாறது?"

"அது உங்க கெட்டிக்காரத்தனம்." அவன் சிரித்தான். "அண்ணன் புகைக்கூட்டுலதான வேல? ஒத்தையாத்தான வீட்டுக்கு நடந்து வராரு? நல்ல மனுஷன்."

அவ்வளவுதான் சொன்னான். அண்ணன் என்று அவன் சொன்னது அப்பாவை; ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் புகைக்கூட்டில் அவருக்கு வேலை. அவர்கள் போன பிறகு அம்மா வெட்டுக் கத்தியை மரத்தில் வைத்தாள். வழக்கம்போல் ஒரு கோடு சீவினாள். என்னிடம், "அப்பாகிட்ட சொல்லாத. கேட்டுட்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன்," என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து மக்குத்தனம் விளையாட்டாக இல்லை. அம்மா என் பழைய பாவாடையைக் கிழித்து அரிசியை முடிந்து, அதன் மேல் ஒட்டுப்பால் நாரை நூல்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றி ஓர் உருண்டையாக்கினாள். சாக்குக்குள் மற்ற கட்டிகளோடு அது கிடந்தால் வித்தியாசம் தெரியாது. நேற்று உரித்ததை நேற்றே நிறுவையில் போட வேண்டும். காலையில் சாக்கு காலியாகப் போக வேண்டும். அம்மா போட மறந்தாள். தினமும் மறந்தாள். எங்களை வேலை வாங்கும் மண்டோர் வாய் வலிக்கத் திட்டிவிட்டு, மக்கு என்று விட்டுவிட்டார். அந்த நாற்றத்துக்குக் கேட்டில் ஒருவரும் சாக்கின் பக்கம் வரவில்லை. ஐந்து வாரம் அப்படிப் போனது. அந்த ஐந்து வாரமும் கேட்டை நெருங்கும்போது எனக்கு ஒன்றுக்கு வரும்.

ஆறாவது வாரம் புது ஆபீசர் வந்தான். இளவயது, வெயிலில் வெந்த முகம். மலாயில் நன்றாகப் பேசினான். அவன் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்ததில் வரிசை நகரவே இல்லை. எங்கள் முறை வந்ததும் அம்மாவிடம், "உன் நிரையில் எத்தனை மரம்?" என்று மலாயில் கேட்டான்.

அம்மா பல்லைக் காட்டிச் சிரித்தாள். பத்து விரலையும் விரித்தாள். பிறகு ஒன்றை மடக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் விரித்தாள்.

பக்கத்தில் நின்ற மண்டோர், "இது மக்கு, துவான். நேத்து ஒட்டுப்பால இன்னைக்கும் தூக்கிட்டு நிக்குது பாருங்க," என்று மலாயில் எடுத்துக் கொடுத்தார். துவான் என்றால் துரை.

ஆபீசர் சிரித்தான். அத்தோடு விட்டிருப்பான். ஆனால் குனிந்து என் முகத்துக்கு நேராக மூன்று விரலை நீட்டி, கைக்குழந்தையிடம் கேட்பதுபோல், "இது எத்தனை?" என்றான்.

வரிசையில் என்னோடு படிக்கிற பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். கணக்கில் நான்தான் முதல். என் காது சுட்டது. அம்மாவை மக்கு என்று சொன்னபோது ரசித்தவள்தான் நான். என்னையும் மக்கு என்று நினைத்ததும் பொறுக்கவில்லை.

"மூன்று," என்றேன் மலாயில். நிறுத்தத் தெரியவில்லை. "எங்க நிரையில முன்னூற்று நாப்பது மரம், துவான். முப்பத்திரண்டு பட்டுப்போச்சு. முன்னூற்றெட்டுதான் பால் குடுக்குது."

"யார் சொன்னது உனக்கு?"

"எங்க அம்மாதான். தினமும் எண்ணிச் சொல்லுவாங்க."

ஆபீசர் நிமிர்ந்தான். சிரிப்புப் போய்விட்டது. அம்மாவை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தான். அம்மா பல்லைக் காட்டிக்கொண்டே நின்றாள். கால் கட்டைவிரல் மட்டும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. என் காலோடு சூடாக இறங்கியது. மறைக்க இடமில்லை.

"சாக்கைப் பார்," என்றான் ஆபீசர்.

தூங்குமூஞ்சி மாத்தா ஆடி அசைந்து வந்தான். கொட்டாவி விட்டான். சாக்கைக் கொட்டவில்லை. அதற்குக் கூடச் சோம்பல் போல, முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவினான். ஓர் உருண்டையை எடுத்தான். அதில் என் பாவாடையின் சிவப்பு நூல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான். அம்மா மூச்சு விடுகிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

மாத்தா அந்த உருண்டையை அப்படியே ஆபீசரின் மூக்குக்கு நேராக நீட்டினான். "புசோக், துவான்," என்றான். நாற்றம் என்று அர்த்தம். ஆபீசர் இரண்டடி பின்னால் போய் கைக்குட்டையைத் தேடினான். மாத்தா உருண்டையைச் சாக்குக்குள் எறிந்து, கையைக் கால்சட்டையில் துடைத்து, இன்னொரு கொட்டாவி விட்டு, "ஜாலான்," என்றான்.

அம்மா நடந்தாள். வாளிகள் தோளில் கிடந்த காண்டாக் கம்பில் கிணுகிணுவென்று ஆடின. முதல் வளைவு திரும்பியதும் கம்பை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் ஈரப் பாவாடையைப் பிழிந்துவிட்டாள்.

"கணக்கு நல்லா வருது ஒனக்கு," என்றாள்.

அன்றைக்கும் ஒல்லித் தம்பி வந்து அரிசியை வாங்கிக்கொண்டான். "ஏன்க்கா இன்னைக்கு லேட்டு?" என்று கேட்டான். "வரிச நீளம்," என்றாள் அம்மா.

சாயங்காலம் குழாயடியில் அம்மா நடிக்கவில்லை. நான் நடித்தேன். மாத்தாவைப் போலக் கண்ணைச் சொருகி, கொட்டாவி விட்டு, ஆபீசர் மூக்கில் நாற்றத்தை நீட்டிக் காட்டினேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா வந்து என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனாள்.

"அவன நக்கல் பண்ணாத."

"ஏம்மா? கையில வச்சு அமுக்கியும் அவனுக்குத் தெரியலையே. மக்குதான அவன்?"

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். "மக்குன்னே இருக்கட்டும்," என்றாள்.

அடுத்த வாரமே அம்மா மரங்களைக் கெடுக்க ஆரம்பித்தாள். கத்தியை ஆழமாக விட்டு, பட்டையைத் தாண்டிக் கட்டையில் காயம் போட்டாள். அந்தத் தோட்டத்தில் அவளைப் போல் சன்னமாகச் சீவுகிறவள் கிடையாது. மண்டோர் வந்து காயத்தையெல்லாம் எண்ணிப் பார்த்து, இந்த மக்குக்குக் கத்தியே கொடுக்கக் கூடாது என்று, வேலியை ஒட்டிய புல்வெட்டில் போட்டுவிட்டார். சம்பளம் குறைவு. ஆனால் அங்கே காடு இல்லை. ஒல்லித் தம்பியும் வரவில்லை. மக்குக்கு வேலை போனது என்று தோட்டமே சிரித்ததில், அவனுக்கும் சேதி போயிருக்கும். அப்பா கடைசி வரைக்கும் தனியாகத்தான் வீட்டுக்கு நடந்து வந்தார். ஒன்றும் ஆகவில்லை. அம்மா செத்துப்போகும் வரை மறுபடியும் கத்தி பிடிக்கவில்லை.

பதினாலு வயதில் நானும் பால் வெட்டப் போனேன். இருபத்தெட்டு வருஷம் வெட்டினேன். ஒட்டுப்பால் கட்டியை எத்தனை ஆயிரம் தரம் கையில் எடுத்திருப்பேன். அமுக்கினால் உள்ளே போய், விட்டதும் எழும்பி வரும். அரிசி அப்படி எழும்பாது. நறநறவென்று விரலுக்கடியில் நகரும். கண் தெரியாதவன் கூடச் சொல்லிவிடுவான். அந்த மாத்தா கம்பத்து ஆள். அவருடைய அப்பாவுக்கும் வீட்டுக்குப் பின்னால் நாலு ரப்பர் மரம் இருந்தது, சின்ன வயதிலிருந்து அதை உரித்து வளர்ந்தவர் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பிடிபட்டிருந்தால் அம்மாவுக்கு முன்னால் அவரைத்தான் கொண்டு போயிருப்பார்கள். அவருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகளாம். தூங்குமூஞ்சி என்று நாங்களும் சிரித்தோம், ஆபீசர்களும் சிரித்தார்கள். அதனால் ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கு எவ்வளவு நிம்மதியோ அவருக்கும் அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். பத்து வயதில் எனக்கு இது தெரியவில்லை. முன்னூற்றெட்டு மரத்தை எண்ணத் தெரிந்தது. இது தெரியவில்லை. அவருடைய பெயரைக்கூட எங்களில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும் கண்ணு. அவரு ஆடி அசைஞ்சு சாக்குகிட்ட வந்த எடத்துலேருந்து ஒரு தரம் படிச்சுக் காட்டு. மெதுவா படி. ரெண்டு கொட்டாவியையும் எழுதியிருக்கியான்னு நான் பாக்கணும்.