நிலநடுக்கம் என்று நான் ஓடிய நாள்

ஆலங்குளம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாறுதலாகி வந்த முதல் வாரம். ஒன்பதாம் வகுப்புக்குப் புவித்தட்டுகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "தட்டுகள் சந்திக்கும் எல்லைகளில் மோதும், விலகும், உரசும். பெரும்பாலான நிலநடுக்கங்கள் அங்கேதான் வரும். நாம் எல்லையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறோம்" என்றேன்.

தரை அதிர்ந்தது. ஜன்னல் கடகடத்தது. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு, சாக்பீஸோடு மைதானத்துக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை.

முதல் பெஞ்ச் செல்வி வாசலுக்கு வந்தாள். "டீச்சர், குவாரியில வெடி போட்டிருக்காக. இந்நேரம் போடுறதுதான். உள்ள வாங்க."

"நெசமாவே நிலநடுக்கமா இருந்திருந்தா?"

"நாம எல்லையில இல்லைன்னு இப்பத்தான சொன்னீக" என்றாள், சிரிக்காமல்.

பாடத்தைத் தொடர்ந்தேன். நான் அவர்களை விட்டுவிட்டு ஓடியதைப் பிள்ளைகள் இன்றுவரை தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை. திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.