தளரட்டும் என்ற சொல்

அறுவை அரங்கின் வாசலில் சக்கரக் கட்டிலில் படுத்திருந்தேன். கையில் சுற்றிய பட்டை இறுகியது, நின்றது, காற்றை விட்டது. 190/110. மயக்க மருந்து மருத்துவர் எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்று வேண்டாம்."

பித்தப்பைக் கல்லுக்கான அறுவை தள்ளிப்போனது இது இரண்டாம் முறை. கல் நகர்ந்து பித்தநாளத்தை (பித்தநீர் குடலுக்கு இறங்கும் குழாய்) அடைத்தால் அவசரமாகத் திறக்க வேண்டிவரும். இந்த இரத்த அழுத்தத்தில் அது ஆபத்து என்றார். மூன்று வாரம் தந்தார். மாத்திரையின் அளவைக் கூட்டி, ஒரு பயிற்சியும் சொன்னார்: ஒவ்வொரு தசையாக ஐந்து நொடி இறுக்கி, பிறகு தளர்த்துவது.

"மாத்திரைக்குப் பதில் அல்ல, துணை."

சென்னையிலிருக்கும் மகள், ஒரு பெண் குரல் அந்தப் பயிற்சியைச் சொல்லித்தரும் ஒலிப்பதிவை அனுப்பினாள். காதில் மாட்டிக்கொண்டு தினமும் காலையில் செய்தேன். செய்தித்தாளில் பிழை திருத்திய பழக்கத்தில், பயிற்சிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தைக் குறித்தேன். முன் 160, பின் 172. மறுநாள் 158, பின் 170. எட்டு நாளும் ஏறியே இருந்தது. எனக்கு ஓய்வெடுக்கக்கூடத் தெரியவில்லை என்று எண்ணினேன்.

ஒன்பதாம் நாள் காதொலிப்பான் பழுதானது. சத்தமாக வைத்தேன். கடைக்குப் போய் வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எவளாக்கும் இவ? கை தளரட்டும், காலு தளரட்டும்னு வீட்டுக்குள்ள வந்து சாபம் போடுதா?"

"சும்மா இருங்க. பயிற்சியாக்கும்."

"நல்ல பயிற்சி! ஒங்க அண்ணன் தளர்ந்து கெடக்கது போதாதா?"

சென்னையில் தளர்வது இளைப்பாறுவது. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் எங்கள் பாறசாலையில் தளர்வது பக்கவாதம். அண்ணன் பக்கத்து ஊரான செங்கலில் ஆறு ஆண்டுகளாக இடப்பக்கம் தளர்ந்து கிடக்கிறார். அச்சில் எத்தனையோ முறை படித்துக் கடந்த சொல். கண்ணை மூடியதும் காது வேறு பொருளைக் கேட்டிருக்கிறது.

"அயச்சு விடுன்னு சொல்லு," என்றார் கணவர். "பசுவுக்க கயற அயச்சு விடுவோம்லா? அது போல."

"அப்ப நான் பசுவா?"

"பசு இவ்வளவு பேசாது."

மறுநாள் முதல் கடிகாரத்தோடு அவரே பக்கத்தில் உட்கார்ந்தார். "வலது கைய முறுக்கு. ம்... அயச்சு விடு." அன்று முன் 162, பின் 156. ஆறு புள்ளிதான். ஆனால் முதல் முறையாக இறங்கியிருந்தது.

மூன்றாம் வாரம், அதே வாசல், அதே பட்டை. தாடையை இறுக்கினேன், விட்டேன். 146/88.

"எடுக்கலாம்," என்றார் மருத்துவர்.

மாத்திரை எவ்வளவு இறக்கியது, பயிற்சி எவ்வளவு என்று பின்னர் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நானும் சொல்லமாட்டேன். பயிற்சி பலிக்காவிட்டால் உங்களையே குறைசொல்லிக்கொள்ளும் முன், அதன் சொற்களைச் சற்றுச் சந்தேகியுங்கள்.

தையல் ஆறியபின் செங்கலுக்குப் போனேன். அண்ணனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வரை எண்ணினேன். என் விரல்கள் இறுகின. அவருடையவை அப்படியே கிடந்தன. ஐந்து நொடி இத்தனை நீளம் என்று அதுவரை தெரியாது.

"எதுக்கு மக்கா இப்படி முறுக்குத?" என்றார்.

விட்டேன்.