ஏழு சைஸ் பூட்ஸ்

நல்ல கேப்டன் எப்படி இருக்க வேண்டும் என்று டிவியில் கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். தைரியம் என்பார்கள், தலைமைப் பண்பு என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல கேப்டனிடம் இதெல்லாம் இருந்ததா என்று நான் கவனித்ததில்லை. டீமில் இருந்த பதினாறு பேரின் கால் சைஸும் அவருக்கு மனப்பாடம். அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சி டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தோம். பெங்களூர் லீக்கில் அது கீழ்ப்படி. பெரும்பாலும் விவேக் நகர், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ் ஆட்கள். லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பேர் பஸ் பிடித்து வருவார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு கூலி வேலை இருந்தது. நான் ஒரு பிரஸ்ஸில் பேப்பர் கட்டுகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கிளப்பின் சொத்து ஒரு கித்தான் பை. அதற்குள் இரண்டு பந்து, பன்னிரண்டு ஜோடி பூட்ஸ்.

பதினாறு பேருக்குப் பன்னிரண்டு ஜோடி. அதிலும் ஒன்று பத்து சைஸ், யாரோ புண்ணியவான் தானமாகக் கொடுத்தது. அந்த அளவுக்குக் கால் எங்கள் ஏரியாவிலேயே யாருக்கும் கிடையாது. ஆக, களத்தில் பதினொரு பேர் பூட்ஸோடு நின்றால் வெளியே ஐந்து பேர் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார்கள். பூட்ஸ் இல்லாமல் ரெஃப்ரி உள்ளே விடமாட்டார். அதனால் ஆள் மாறுவதற்கு முன் பூட்ஸ் மாற வேண்டும். வெளியே வருபவன் கோட்டோரம் உட்கார்ந்து லேஸை அவிழ்ப்பான், உள்ளே போகிறவன் சூடு ஆறுவதற்குள் காலை நுழைப்பான். யார் பூட்ஸ் யாருக்குப் பொருந்தும் என்று தெரியாதவன் எங்கள் டீமுக்குக் கேப்டனாக இருந்திருக்க முடியாது.

இதில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெளியே வரச் சொல்லும்போது பெயரைக் கூப்பிட மாட்டார், சைஸைத்தான் சொல்வார். “எட்டு, கழட்டு” என்பார். எட்டு சைஸ்காரர்களில் யாரைப் பார்த்துச் சொன்னாரோ அவன் வந்துவிட வேண்டும். என்னைத் தூக்கிவிட்டாரே என்று யாருக்கும் ரோஷம் வந்ததில்லை. கேட்டது பூட்ஸைத்தானே.

அவர் லெஃப்ட் பேக். என்னை விட ஆறு வயது பெரியவர், வீட்டில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். தினக்கூலி. ஆறு நாளும் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி இப்படி ஓடுகிறார் என்று கிண்டல் செய்வோம். “அதான் ஆறு நாளும் ரெஸ்ட்ல கீறேன் இல்ல” என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

நான் சென்டர் ஃபார்வர்ட். கோல் அடிப்பவன் என்ற நினைப்பு அந்த வயதில் வேறு எதையும் நினைக்க விடாது. ரெஃப்ரியோடு சண்டை, லைன்மேனோடு சண்டை, பாஸ் கொடுக்காதவனோடு சண்டை. கோபம் எப்போதும் மூக்கு மேலேயே இருந்தது. இப்போதும் பாதி அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் உயிரைக் கொடுத்து ஆடியதற்குப் பந்தின் மேல் இருந்த ஆசை மட்டும் காரணமில்லை. நகரத்தில் இருந்த அரசு ஃபேக்டரிகள் அப்போது சொந்தமாக டீம் வைத்திருந்தன. அவர்கள் கண்ணில் பட்டால் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். நிரந்தர வேலை. ஃபேக்டரி பஸ், கேன்டீன் சாப்பாடு, பி.எஃப். எங்கள் தெருவில் ஒருவனுக்கு அது கிடைத்துவிட்டால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். ஆனால் இருபத்தெட்டு வயது முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் எடுக்க மாட்டார்கள்.

அந்த சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் நாங்கள் பி டிவிஷனுக்குப் போவோம், டிரா ஆனால் வேறொரு டீம் போய்விடும். கேலரியில் ஒரு ஃபேக்டரி டீமின் கோச் வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, பக்கத்தில் ஒரு காபி பிளாஸ்க். ஆள் பார்க்க வந்திருக்கிறார் என்று பேச்சு பரவியது. அவர் பார்க்க வந்தது என்னைத்தான் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. டீமில் அதிக கோல் அடித்தவன் நான்தானே.

முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு கோல் போட்டேன். கேலரியைப் பார்த்துக் கையை வேறு தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பந்துக்குத் தாவியபோது வலது தொடையில் சுரீர் என்று பிடித்துக்கொண்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. லேஸ் கட்டுவது போல் குனிந்து குனிந்து சமாளித்தேன். நான் விரட்டிப் பிடித்திருக்க வேண்டிய ஒரு பந்தில் அவர்கள் கோல் போட்டார்கள். இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று.

கோட்டோரம் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தோம். வெளியே இருந்த ஐந்து பேரில் அயர்ன் கடைக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல உயரம், தலையால் பந்தை அடிப்பதில் கெட்டிக்காரர், ஆனால் உயரத்துக்குச் சம்பந்தமில்லாத சின்னக் கால். சைஸ் ஏழு. அன்று களத்தில் ஏழு சைஸ் போட்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று கேப்டன்.

கேப்டன் என்னைப் பார்த்து, “ஏழு, கழட்டு” என்றார்.

அயர்ன் கடைக்காரர் அதற்குள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார். நான் ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டே, “காலு நல்லாத்தான் கீது” என்றேன்.

“உன்னால ஓட முடியல. நான் பாத்துக்கினுதான் கீறேன். ஜல்தி கழட்டு.”

நான் கேலரியைப் பார்த்தேன். கோச் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது வெளியே போய் உட்கார்ந்தால் வாழ்நாள் முழுக்க பேப்பர் கட்டுத்தான் என்று தோன்றியது. கோபம் தலைக்கேறியது.

“ஏழுன்னா நீயும்தானே ஏழு? நீ கழட்டு” என்றேன்.

அவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அன்று நான் அதைக் கூடச் சொல்லவில்லை. எல்லோரும் ஆரஞ்சு மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் என்னை அடித்திருந்தால் நானும் திருப்பி அடித்திருப்பேன், அந்த அளவுக்கு வெறியில் இருந்தேன். அவர் ஒரு முறை கேலரிப் பக்கம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார். பூட்ஸை அயர்ன் கடைக்காரரிடம் கொடுத்தார், களத்தில் இருந்தவர்களிலேயே ஒருவரை லெஃப்ட் பேக்குக்கு இறங்கச் சொன்னார், கையில் கட்டியிருந்த கேப்டன் துணியைக் கோல்கீப்பரிடம் கொடுத்தார். இரண்டாம் பாதி முழுக்க வெறும் சாக்ஸோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

நான் கம்பம் நட்டது போல் நின்றேன், பந்து என் பக்கம் வரவேயில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு கார்னரில் அயர்ன் கடைக்காரர் எகிறித் தலையால் அடித்து கோல் போட்டார். ஜெயித்துவிட்டோம். கேப்டன் சாக்ஸோடு மைதானத்துக்குள் ஓடிவந்து அவரைத் தூக்கினார். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே நிற்காமல் நொண்டிக்கொண்டே கேட்டுக்கு ஓடினேன்.

கோச் ஸ்கூட்டர் டிக்கியில் பிளாஸ்கை வைத்துக்கொண்டிருந்தார். “நமஸ்காரா சார், நான்தான் ஒன்பதாம் நம்பர்” என்றேன். நல்லா அடிச்சே என்றார், கன்னடத்தில். அடுத்ததாக அவர் சொன்னது எனக்கு இன்றுவரை காதில் இருக்கிறது. மூன்றாம் நம்பரைப் பார்க்கத்தான் வந்தேன், லெஃப்ட் பேக் வேண்டியிருக்கிறது, வருகிறேன் என்று போன வாரமே அவனிடம் சொல்லியிருந்தேன், ஏன் பாதியில் வெளியே போய்விட்டான், அடிபட்டுவிட்டதா என்று கேட்டார்.

மூன்றாம் நம்பர் எங்கள் கேப்டன். அவர் கேலரிப் பக்கம் ஏன் பார்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நடந்ததைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்: அவர் நன்றாக இருக்கிறார் சார், நான்தான் பூட்ஸ் கொடுக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னால் என் பெயர் கெட்டுவிடும், இந்த ஆள் இனி என் பக்கமே திரும்ப மாட்டார்.

“ஹௌது சார், முட்டி” என்று நானும் கன்னடத்திலேயே ஆமாம் போட்டேன்.

“பழைய அடியா?”

“ஹௌது சார்.”

அவர் உச்சுக் கொட்டிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். கேட்டைத் தாண்டும் முன் ஒரு லாரிக்காகக் கொஞ்ச நேரம் நின்றார். ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். தொடை வலிக்கிறது, ஓட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து கேப்டனுக்கு இருபத்தெட்டு முடிந்தது.

அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த சீசன் பிராக்டிஸ் தொடங்கிய அன்று கித்தான் பையை என் தோளில் மாட்டி, “இனிமே நீயே தூக்கினு வா” என்றார். பூட்ஸ் கழற்ற மறுத்ததற்கு இது தண்டனை என்று நினைத்தேன். இவ்வளவோடு போயிற்றே என்று நிம்மதியாகக் கூட இருந்தது. பன்னிரண்டு ஜோடி பூட்ஸோடு பஸ் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பான், அவனோடு சண்டை. வியாழக்கிழமை பிராக்டிஸ். அன்று எங்கள் தெருவில் சர்ச்சுக்கு வரும் கூட்டம் மெழுகுவத்தியும் கையுமாக அடைத்துக்கொண்டு நிற்கும், பையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் புகுந்து வருவேன். ஒவ்வொரு வியாழனும் இன்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். ஒரு வியாழனும் சொல்லவில்லை.

பி டிவிஷனில் எனக்கு நல்ல சீசன். பிளாஸ்க் கோச் மூன்று முறை வந்து பார்த்தார். சீசன் முடிந்த மாதம் வேலைக்கான ஆர்டர் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். எனக்கு அதைக் கையில் வைத்திருக்கவே கூசியது. ஒரு பெட்டி பேடா வாங்கிக்கொண்டு நேரே கேப்டன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன்.

லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆர்டரை வாங்கி நிதானமாகக் கடைசி வரி வரை படித்தார். “சந்தோஷம்டா” என்றார். அதற்குள் இரண்டு பேர் ஏற, நானும் உள்ளேயே நின்றேன். அவர்கள் மூன்றாவது மாடியில் இறங்கினார்கள். கதவு மூடியது.

“அண்ணா, அன்னைக்கி அந்த கோச்சாண்ட உனக்கு முட்டில அடின்னு பொய் சொல்ட்டேன்” என்றேன்.

“தெரியும்.”

“எப்டி?”

“அடுத்த வாரமே வந்தாரு. இதே லிஃப்டு, நீ நிக்கிற எடத்துலதான் நின்னாரு. ஒன்பதாம் நம்பர் முட்டின்னு சொன்னானே, நெஜமாவான்னு கேட்டாரு. நான் வேற, முட்டி போனவன் மாதிரி, ஸ்டூல்ல உக்காந்துனு கீறேன்.”

“நீ இன்னா சொன்ன?”

“ஆமா சார்னேன்.”

“ஏண்ணா?”

அவர் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இல்லன்னா நீ பொய்யன்னு ஆவும். அப்புறம் உன்னயும் எடுக்க மாட்டாரு, நம்ம டீம்ல வேற ஒருத்தனயும் தொட மாட்டாரு. கீழேருந்து அஞ்சு மாடியும் அதேதான் யோசனை. உன் மேல கொல கோவம்டா எனக்கு. ஃபர்ஸ்ட் ஹாஃப் பாத்துட்டாரே, அது போதும்னு நெனச்சிதான் பூட்ஸ குடுத்தேன். போதும்தான். நீ கேட்டாண்ட போலன்னா...”

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. ஃபைலோடு ஒருவர் ஏறினார். கேப்டன் பேச்சை நிறுத்திவிட்டு கீழ்ப்பொத்தானை அழுத்தினார். முன்பின் தெரியாத அந்த மனிதர் பக்கத்தில் நிற்க, நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஐந்து மாடியும் அழுதுகொண்டே இறங்கினேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

கீழே வந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு பேடாவை வாயில் போட்டுக்கொண்டார், வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒன்று கொடுத்தார்.

“ஃபேக்டரில உனக்குப் புது பூட்ஸ் குடுப்பாங்க இல்ல?”

“குடுப்பாங்கண்ணா.”

“அப்ப ஏழு, கழட்டு. ஞாயித்துக்கெழம மேட்ச் கீது. பைய கொண்டாந்துடு.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பூட்ஸை அயர்ன் கடைக்காரர் போட்டுக்கொண்டார்.

சில வருடங்களில் ஃபேக்டரி டீமுக்கு என்னைக் கேப்டனாகப் போட்டார்கள். அங்கே ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ். யாருக்கு என்ன சைஸ் என்று நான் தெரிந்துகொள்ளவே இல்லை, டாஸ் போட்டேன், கை குலுக்கினேன், இரண்டு சீசன் ஓடிவிட்டது. லீவு கிடைத்த ஞாயிறுகளில் பழைய டீமின் ஆட்டம் பார்க்கப் போவேன். அவர் லெஃப்ட் பேக்கில் ஓடிக்கொண்டிருப்பார். முட்டிக்கு ஒன்றுமில்லை. இன்னும் ஆறு சீசன் ஓடினார், மற்ற நாளெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.