நான் அழித்த இரண்டு வரிகள்

சுனாமிக்குப் பிறகு நான் வேலை பார்த்த நிவாரண அலுவலகத்தின் கணனியில் எனக்கு நான்கு மென்பொருள்கள் பிடித்திருந்தன. முன்பு பத்திரிகையில் இருந்தவன் என்பதால் பேஜ்மேக்கர் கைக்குப் பழக்கம்; பத்திகள் வைத்த இடத்தில் நிற்பதைப் பார்ப்பதே ஒரு சுகம். வேர்ட் ஒரே கடிதத்தை எத்தனை பேருக்கும் அவரவர் பெயரில் எழுதித் தரும். தேநீர் நேரத்தில் பெயிண்டைத் திறந்து கிறுக்குவேன். இவற்றையெல்லாம் விட எக்செல்லைத்தான் அதிகம் நம்பினேன். வெளியே, மருதமுனையிலிருந்து காரைதீவு வரை கரையோரத்தில் எது யாருடைய வீட்டு வளவு என்று தெரியாமல் கிடந்தது. உள்ளே, கட்டங்களுக்குள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது.

புதிய வீடு பெறுவோரின் பட்டியலைத் தயாரிப்பது என் வேலை. வீடு இழந்தவரின் பெயர், தகப்பன் பெயர், முகவரி. பள்ளிவாசலிலிருந்து ஒரு பட்டியல் வந்தது, கிராம சேவகரிடமிருந்து இன்னொன்று. பல குடும்பங்கள் இரண்டிலும் இருந்தன, பெயர் மட்டும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில். இரண்டையும் ஒன்றாக்கி, தகப்பன் பெயரும் முகவரியும் ஒத்துப்போகும் வரிகளில் முதலாவதை மட்டும் வைத்துக்கொள்ளும்படி செய்தேன். பட்டியல் கண்முன்னே சுருங்கியது. பிழையில்லாத பக்கத்தை அச்சுக்கு அனுப்பிய திருப்தியோடு அதை வாசல் பலகையில் ஒட்டினேன்.

மறுநாள் காலை ஒரு பெண் வந்தார். கூட வந்த கணவர் கதவோடு நின்றுகொண்டார்.

“தம்பி, ராத்தாட பேர் இரிக்கி. என்ட பேரும் இல்ல, தங்கச்சிட பேரும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் கடல்ல மௌத்தாகிட்டம் எண்டு ஆரும் சொன்னாங்களா?”

பார்த்தேன். ராத்தா என்ற அக்கா, இவர், தங்கை என மூன்று சகோதரிகளுக்கும் ஒரே தகப்பன், ஒரே முகவரி. ஒரே ஆள் மூன்று முறை பதியப்பட்டதாக எடுத்துக்கொண்டு, இரண்டு வரிகளை நான் அழித்திருந்தேன்.

எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்து, அதே வளவில் அடுத்தவளுக்கு இன்னொன்று கட்டுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. நானும் மனைவியின் வீட்டில்தான் இருந்தேன். கணனிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது எப்படி நினைவில் இல்லாமல் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பொறுப்பதிகாரி கொழும்புக்காரர். ஒரு முகவரியில் மூன்று வீடுகள் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார். காணி உறுதிப் பத்திரம் கடலோடு போயிருந்தது. அவர் கணவரிடம் திரும்பி, “உங்கள் வீடு எங்கே இருந்தது?” என்றார்.

“எனக்கு வீடில்ல சேர். நான் வந்து சேந்த ஆள்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. பெயிண்டைத் திறந்து, “எது எங்க இருந்த எண்டு சொல்லுங்க ராத்தா” என்றேன்.

“கிணத்த முதல்ல போடுங்க. இன்னும் அங்கால. இது ராத்தாட வீடு. இது என்ட. நடுவுல வேலி இல்ல.”

“வேலி இல்லாட்டி ரெண்டு வீடு எண்டு எப்பிடிச் சொல்ற?” என்று கேட்டேன்.

“குசினி வேறதானே. அவ என்ன ஆக்குறா எண்டு மணத்துலயே எனக்குத் தெரியும். ஆனா வேற.”

மவுஸ் வழுக்கி, தங்கையின் வீடு சரிந்து நின்றது.

“அவட வீட்ட ஏன் சரிச்சி வெச்சிரிக்கீங்க? அது கடல் வந்த அண்டைக்குத்தான் சரிஞ்ச.”

அந்தப் படத்தை அச்சடித்து, அதில் கிராம சேவகரின் கையொப்பம் வேண்டும் என்றார் அதிகாரி. கணவர் சைக்கிளில் போய் மத்தியானத்துக்குள் வாங்கி வந்தார். இரண்டு வரிகளையும் திரும்பச் சேர்த்தேன். கொழும்பிலிருந்து வந்த மாதிரிக் கடிதத்தை வேர்டில் பட்டியலோடு இணைத்து, எல்லோருக்கும் அச்சடித்து அனுப்பினேன்.

சில நாட்களில் அந்தப் பெண் கடிதத்தை எடுத்துக்கொண்டு கணவரோடு வந்தார்.

“இது ஆரு தம்பி, இந்தத் திரு?”

மாதிரிக் கடிதத்திலேயே பெயருக்கு முன் ‘திரு’ இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. ஊரில் வீடு கிடைத்த பெண்கள் எல்லோரையும் ஆண்களாக்கி விட்டிருந்தேன்.

“என்னப் பாக்காதீங்க. நான் ஒண்டுலயும் கையெழுத்து வெக்கல்ல” என்றார் கணவர்.

திருத்தித் தருகிறேன் என்றேன். கடிதம் கொழும்புக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதையும் சொன்னேன்.

“அங்க திரும்ப லிஸ்ட்டுல பாப்பாங்களா?”

“ஓம்.”

“என்ட பேர் திரும்ப அழிஞ்சி போகாது எண்டு உங்களால சொல்லேலுமா?”

கொழும்பில் இருக்கும் கணனி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. என்னுடையது என்ன செய்யும் என்பதிலும் அப்போது நிச்சயமில்லை.

“அப்ப விடுங்க. திருவாவே இரிக்கட்டும்.”

வீடுகள் கட்டி முடியப் பல வருடங்கள் ஆயின. போர் முடிந்த பிறகுதான் சாவி கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தவர் ‘திரு’ என்று சொல்லி, அடுத்து வந்த பெண்பெயரைப் பார்த்து நிறுத்தினார். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடியும் அப்படியே வாசித்தார். கணவர் கதிரையை விட்டு அசையவில்லை. அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேடையேறி, சாவியை வாங்கி, திருவுக்கு எதிரே கையெழுத்து வைத்தார்.