உமரி சிவந்த வயல்

எங்கள் அண்ணை தென்மராட்சியில், கடல்நீரேரியை அண்டிய சிற்றூரொன்றில், ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குக் கீழே நான் ஒருத்திதான். ஐயா வேளைக்கே காலமாகிவிட, அண்ணை படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் சீதன வயலில் இறங்கினார். என்னைப் படிப்பித்துக் கரைசேர்த்தது அந்த வயல்தான்.

சண்டையில் இடம்பெயர்ந்து போய், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வரம்பெல்லாம் உடைந்து, நீரேரியின் உவர்த் தண்ணீர் வயலுக்குள் ஏறியிருந்தது. நிலம் உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடந்தது. விதைத்த நெல் முளையிலேயே கருகியது. "உதை வித்துப்போட்டு பட்டணத்திலை ஒரு கடையைப் போடு தம்பி" என்றார் மாமா. அம்மாவோ கண்மூடும் முன், "அந்த வயல் அரிசியிலை ஒருநாள் சோறு காய்ச்சித் தா மோனை" என்று கேட்டிருந்தார். கொடுக்க முடியவில்லை. அந்தக் கவலை அண்ணையை விடவேயில்லை.

ஒரு மாரி கழிய, அந்த வெள்ளைத் தரையில் யாரும் விதைக்காத உமரிப் பூண்டு குத்துக் குத்தாய் எழும்பியது. பங்குனி வெயிலில் புல்லெல்லாம் காய, இது மட்டும் உப்பைக் குடித்துத் தண்டு தடித்துச் சிவந்து நின்றது. அண்ணை பக்கத்தில் குந்தியிருந்து ஒரு நுனியைக் கிள்ளிச் சப்பினார்.

"கரிக்குது பிள்ளை. நிலத்து உப்பு இதுக்கை ஏறியிருக்கு. வெட்டி வெளியிலை எடுத்தால் என்ன?"

"உங்களுக்கு விசர்" என்றேன்.

அந்தப் பைத்தியத்தை அவர் விடவில்லை. வரம்பை உயர்த்தி மழைத் தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து வடிய விடுவார். கோடையில் உமரியை வெட்டி அப்புறப்படுத்துவார். இப்படியே ஆண்டுகள் போயின. இளந்தளிர் கறிச்சட்டிக்கு வரும். கலியாணமான புதிதில் அண்ணி கைப்பழக்கத்தில் அதற்கும் உப்புப் போட்டுவிட்டார். அண்ணை மறுபேச்சின்றித் தின்று முடித்து, ஒரு செம்பு தண்ணீரும் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு. உதுக்கு வயலே உப்புப் போட்டு அனுப்பியிருக்கு, உம்மடை உப்புத் தேவையில்லை" என்றார். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரித்து அழுவார்.

இம்முறை மாரிக்கு மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்தார். பயிர் கருகாமல் நின்றது. அந்த நேரம் பார்த்து அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வைத்தியர் உப்பை நிற்பாட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "வயலிலையிருந்து கலைச்ச உப்பு என்னட்டை வந்திட்டுது, பாத்தியோ" என்றார்.

ஒருநாள் கதிரொன்றை முறித்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். ஒரு மணியை நகத்தால் நசித்தார். வெள்ளையாய்ப் பால் வந்தது. நெடுநேரம் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், பால் பிடிச்சிட்டுது. இனி அம்மாவின்ரை முகத்தைப் பாக்கலாம்."

அந்தக் கிழமையே கண்மூடினார்.

அவரைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், செத்தவீட்டில் தோள் கொடுத்த உறவுகள், அவர் இல்லாத வயலில் தாமாகவே இறங்கி விளைந்த நெல்லை அரிவு வெட்டித் தந்த அயலவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் இலையில் விழுவது அந்த வயலின் சோறு. முதற் பிடியை அம்மாவுக்கும் அண்ணைக்கும் படைத்துவிட்டோம். பக்கத்தில் உமரிக் கறி இருக்கும். அண்ணி அதற்கு உப்புப் போடவில்லை.